புற்றுக்குள் ஒரு வண்டு: அதைப் புதிய பேரினம் என்று எப்போது சொல்லலாம்?

கோதுமை மாவு டப்பாவை இரண்டு மாதம் மறந்துவிட்டு, அப்புறம் எடுத்துச் சலித்துப் பாருங்கள். சல்லடையில் செம்பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாக வண்டுகள் ஓடும். ஒவ்வொன்றும் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். அதன் அறிவியல் பெயர் ட்ரைபோலியம் கஸ்டேனியம். மீன் தொட்டிக்கும் கூண்டுப் பறவைக்கும் தீனியாக விற்கிறார்களே, மீல்வோர்ம் என்ற மஞ்சள் புழு, அது டெனெப்ரியோ மோலிட்டர் என்ற வண்டின் இளம்பருவம். ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில், விடிகாலைப் பனிமூட்டத்தில் மணல்மேட்டு உச்சிக்கு ஏறித் தலைகீழாக நின்று, முதுகில் படியும் ஈரம் வாய்க்கு வழியும்வரை காத்திருந்து குடிக்கும் வண்டு ஒன்று உண்டு. கேரளத்து ரப்பர் தோட்டங்களை ஒட்டிய வீடுகளில், மழைக்காலம் நெருங்கும்போது ஆயிரக்கணக்கில் ஓட்டுக்கூரைக்குள் புகுந்து மக்களை அழவைக்கும் முப்ளி வண்டு இன்னொன்று.

இந்த நான்கும் ஒரே குடும்பம் என்றால் நம்பக் கொஞ்சம் சிரமம்தான். குடும்பத்தின் பெயர் டெனெப்ரியானிடே. இருட்டை விரும்புகிறவன், வெளிச்சத்துக்கு ஒதுங்குகிறவன் என்ற பொருளில் வரும் லத்தீன் சொல்லிலிருந்து ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-இல் டெனெப்ரியோ என்று ஒரு பேரினத்துக்குப் பெயர் வைத்தார்; குடும்பத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் டார்க்லிங் பீட்டில் என்கிறார்கள். தமிழில் நிலைத்த பெயர் இல்லாததால் இந்தக் கட்டுரையில் இருள்வண்டு என்றே சொல்லப்போகிறேன். உலகம் முழுக்க ஏறத்தாழ 20,000 இனங்கள். மணல், மரப்பட்டை, காளான், மாவு மூட்டை என்று போகாத இடமில்லை. கறையான் புற்றும் அதில் ஒன்று.

புற்றுக்குள் வாழும் இருள்வண்டு ஒன்று புதிதாகக் கிடைத்தால், அதை "புதிய பேரினம்" என்று அறிவிக்க ஒரு ஆய்வாளர் என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான் இங்கே விஷயம். புதிய இனம் கண்டுபிடிப்பு என்று செய்தித்தாளில் அடிக்கடி வருகிறது, படித்துவிட்டுப் போய்விடுகிறோம். புதிய பேரினம் என்பது அதைவிட ஒரு படி மேலே. அந்த ஒரு படிதான் சிக்கலே.

இனம் வேறு, பேரினம் வேறு

ட்ரைபோலியம் கஸ்டேனியம் என்ற பெயரில் முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல் அந்தப் பேரினத்துக்குள் இந்த இனத்தைக் குறிப்பது. ட்ரைபோலியம் என்ற பேரினத்தில் இன்னும் பல இனங்கள் இருக்கின்றன. பேரினத்துக்கு மேலே குலம், துணைக்குடும்பம், குடும்பம் என்று படிகள் போகும்.

இனம் என்பதை இயற்கையிலேயே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். இந்த ஆணும் அந்தப் பெண்ணும் சேர்ந்து வளமான குஞ்சு பொரிக்கின்றனவா, இரண்டு கூட்டத்துக்கும் இடையில் மரபணுக்கள் போய்வருகின்றனவா என்று கேட்க முடியும். பேரினத்துக்கு அப்படி ஒரு சோதனை கிடையாது. எத்தனை வித்தியாசம் இருந்தால் தனிப் பேரினம் என்று எந்த விதிப்புத்தகமும் சொல்வதில்லை. வம்ச மரத்தில் ஒரு கிளையைக் கண்டுபிடித்து, "இந்தக் கிளைக்குத் தனிப்பெயர் கொடுப்பது நியாயம்" என்று ஆய்வாளர் எடுக்கும் முடிவுதான் பேரினம். கிளை இருப்பது இயற்கையின் வேலை. அதற்குப் பெயர்ப்பலகை மாட்டுவது நம் வேலை. பலகையைத் தப்பான இடத்தில் மாட்டிவிடும் அபாயம் எப்போதும் உண்டு.

கறையான் புற்று அந்தத் தப்பைச் செய்யவைப்பதில் கெட்டிக்காரத்தனமான இடம். ஏன் என்று பார்க்க, முதலில் புற்றுக்குள் போக வேண்டும்.

குடிபுகும் கூட்டம்

கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று சொல்வோம். பாடுபட்டவன் ஒருவன், அனுபவிக்கிறவன் இன்னொருவன் என்ற பொருளில். பழமொழியில் வரும் பாம்பு கண்ணுக்குத் தெரிந்த ஆள். கண்ணில் படாமல் குடிபுகுந்தவை நூறு மடங்கு அதிகம்: வண்டு, ஈ, பூரான், மரவட்டை, சிலந்தி. பாம்புக்கு வேண்டியது பெரும்பாலும் பொந்து மட்டும்தான். இந்தச் சின்ன விருந்தாளிகளோ வீட்டுக்காரர்கள் உள்ளே இருக்கும்போதே, அவர்கள் நடுவிலேயே வாழ்கின்றன.

இவர்களைக் கணக்கெடுப்பதை வாழ்நாள் வேலையாகச் செய்தவர் எரிக் வாஸ்மன் (1859–1931) என்ற இயேசு சபைப் பாதிரியார். எறும்பு வீட்டிலும் கறையான் வீட்டிலும் வாழும் பூச்சிகளுக்கு 1894-இல் ஒரு முழுப் பட்டியலே வெளியிட்டார். விருந்தாளிகளை அவர் மூன்றாகப் பிரித்ததை எளிமையாகச் சொன்னால் இப்படி: விரட்டப்பட்டாலும் ஒளிந்து வாழும் திருட்டு விருந்தாளி, வீட்டுக்காரர் கண்டுகொள்ளாமல் விட்ட விருந்தாளி, ஊட்டி நக்கிச் சீராட்டப்படும் மெய்யான விருந்தாளி. இந்தியாவில் இருந்தும் அவருக்குப் பூச்சிகள் போயின. பம்பாயில் இருந்த ஜோசப் அஸ்முத் என்ற இயேசு சபைத் துறவி, கண்டாலா மலைப்பகுதிப் புற்றுகளைத் திறந்து அனுப்பியவற்றில் ஒரு விசித்திர ஈக்கு வாஸ்மன் 1902-இல் டெர்மிட்டோக்சீனியா அஸ்முதி என்றே பெயர் வைத்தார்.

தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் விருந்தாளிகள் அதிகம் கிடைப்பது காளான் வளர்க்கும் கறையான்களின் கூட்டில். நம் ஊர்ச் சமவெளியில் ஆளுயரப் புற்று கட்டும் ஓடன்டோடெர்மெஸ் ஒபீசஸ் அந்த வகைதான். வேலைக்காரக் கறையான்கள் காய்ந்த இலை, மரத்தூள் எல்லாவற்றையும் தின்று கழித்து, அதைக் கொண்டு பஞ்சுபோல் ஓட்டையுள்ள அடைகளைக் கட்டுகின்றன. அந்த அடையில் டெர்மிட்டோமைசெஸ் என்ற காளான் வளர்கிறது. மழைக்கு அப்புறம் புற்றுமேல் முளைக்கிற, நாம் பறித்து வந்து குழம்பு வைக்கிற புற்றுக்காளான் அதே பூஞ்சையின் வெளித்தலைதான். உள்ளே சூடும் ஈரமும் பெரிதாக ஏறி இறங்காது, சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, வாசலில் சிப்பாய்கள் காவல். ஒரு வண்டுக்கு வேறென்ன வேண்டும்?

உள்ளே நுழைவதுதான் கஷ்டம். கறையான்கள் பெரும்பாலும் குருடு. தொட்டும் முகர்ந்தும்தான் ஆளை அறிகின்றன. கூட்டின் மணம் உடம்பில் இல்லாதவனைக் கடித்துக் குதறிவிடும். அதனால் விருந்தாளிப் பூச்சிகளில் பல அந்த வீட்டு வாசனையைத் தம் உடல்மேல் ஏற்றிக்கொள்கின்றன. சிலவற்றுக்கு வேலைக்காரர்கள் நக்கிச் சுவைக்கும்படி சுரப்பு கசியும் மயிர்க்கற்றைகள் இருக்கின்றன. சில, கடிக்கப் பிடி கிடைக்காதபடி ஆமைபோல் குவிந்த ஓட்டுக்குள் காலையும் தலையையும் இழுத்துக்கொள்கின்றன. இன்னும் சில, உடம்பையே கறையானாக ஆக்கிக்கொள்கின்றன. ஆஸ்திரேலியாவில் இருந்து 2023-இல் விவரிக்கப்பட்ட ஆஸ்ட்ரோஸ்பிராக்தா காரிஜோய் என்ற ரோவ் வண்டின் (சிறகு மூடி குட்டையான வேறொரு வண்டுக் குடும்பம்) வயிறு ஊதிப் பெருத்து முதுகுப்பக்கம் மடிந்து, தலை, கால் எல்லாம் இருப்பதுபோல் ஒரு கறையான் பொம்மையாகவே நிற்கிறது. வண்டு அதைச் சுமந்துகொண்டு நடக்கிறது. படத்தைப் பார்த்தபோது, முதுகில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குள் டிக்கெட் இல்லாமல் நுழைகிற ஆள்தான் என் ஞாபகத்துக்கு வந்தார்.

இது புதுப்பழக்கமும் இல்லை. மியான்மரில் கிடைத்த சுமார் 9.9 கோடி ஆண்டு பழைய ஆம்பர் பிசினுக்குள், கறையானோடு வாழ்வதற்கென்றே உடம்பு மாறிய ரோவ் வண்டு ஒன்று சிக்கியிருந்தது. 2017-இல் அதற்கு கிரெட்டோட்ரைகோப்சீனியஸ் என்று பெயரிட்டார்கள். டைனோசர் காலத்திலேயே ஓசிச் சாப்பாடு நடந்திருக்கிறது.

கறையான் விருந்தாளி வண்டுகளில் பெரும்பான்மை இந்த ரோவ் வண்டுகள்தான். இருள்வண்டுகள் அந்தக் கூட்டத்தில் சிறுபான்மை. ஆனால் சுவாரசியமான சிறுபான்மை. ரைசோபாசினி என்று ஒரு குலமே கறையானோடு வாழ்வதற்குப் பெயர்போனது. வாஸ்மன் 1896-இல் வைத்த பெயரிலிருந்து வருவது அது. ரைசோஸ் என்றால் கிரேக்கத்தில் சுருக்கம் விழுந்தது என்று பொருள். பாசஸ் என்பது எறும்பு வீட்டில் வாழும், தடித்த உணர்கொம்பு உள்ள வேறொரு வண்டுக் குடும்பத்துப் பேரினம். ஆக ரைசோபாசஸ் என்றால் "சுருக்கம் விழுந்த பாசஸ்". இருள்வண்டுக்கு எறும்புவண்டின் ஜாடை. பெயரிலேயே நம் சிக்கல் ஒளிந்திருக்கிறது, கவனித்தீர்களா?

வேஷம் மாறினாலும் பங்காளி

கூட்டு வாழ்க்கை உடம்பை இழுத்து வளைக்கும். இருட்டில் கண் வேண்டாம், சிறுத்துப்போகும். வெளியே பறக்கத் தேவை குறைந்தால் சிறகு போய்விடும். உணர்கொம்பு தடிக்கும். முதுகில் முகடும் பள்ளமும் வரும். ஒரே மாதிரி வீட்டுக்குள் வேறுவேறு குடும்பத்து வண்டுகள் குடியேறினால், எல்லாமே ஒரே மாதிரி மாறத் தொடங்கும். தம் சொந்தச் சொந்தக்காரர்களைப்போல் இல்லாமலும் போகும்.

கிராமத்தில் இருந்து பேரன் ஒருவன் வெளிநாடு போய்ப் பத்து வருஷம் கழித்துத் தலைமுடிக்குச் சாயம் பூசி, கோட்டு மாட்டி வந்து இறங்குகிறான். ஊரில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அதற்காக அவனைப் புதுக் குடும்பம் என்று எழுதுவோமா? பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அவன் பெயர் அண்ணன் தம்பிகளுக்கு நடுவில்தான் இருக்கும். வண்டிலும் அதே கதை. பார்வைக்கு மிக விநோதமாக இருக்கிறது என்பதால் மட்டும் ஒன்று புதிய பேரினம் ஆகிவிடாது. அந்த விநோதம் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதில் பெரியவர்களே சறுக்கியிருக்கிறார்கள். மேலே சொன்ன பாசஸ் வகை வண்டுகள் நெடுங்காலம் தனிக் குடும்பமாக இருந்தன. அவ்வளவு வித்தியாசமான தோற்றம். இன்று அவை தரைவண்டுக் குடும்பத்துக்குள் ஒரு துணைக்குடும்பம். இருள்வண்டுக் குடும்பத்திலேயே லாக்ரிடே, அல்லெகுலிடே என்று தனியாக நின்றவை பிற்பாடு துணைக்குடும்பங்களாக உள்ளே வந்தன. எல்லாவற்றையும்விடப் பெரிய உதாரணம் அந்த வீட்டுக்காரர்களே. கறையான்களுக்கு ஐசோப்டெரா என்று தனி வரிசையே (குடும்பத்துக்கும் மேலே உள்ள படி) இருந்தது. மரபணு ஆய்வுகள் அவை கரப்பான்பூச்சிக் கூட்டத்துக்கு உள்ளே முளைத்த கிளை என்று காட்டின. மரம் தின்னும் கிரிப்டோசெர்கஸ் என்ற கரப்பான்தான் அவற்றுக்கு மிக நெருங்கிய உறவு. 2007-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று, கறையானைக் கரப்பான் வரிசைக்குள்ளேயே சேர்த்துவிடலாம் என்று வாதிட்டது. இன்று அதுவே பரவலாக ஏற்கப்பட்ட வகைப்பாடு. ராணி, சிப்பாய், காளான் தோட்டம் என்று இத்தனை ஆடம்பரமும் கொண்ட கறையான், வம்சக் கணக்கில் ஒரு கரப்பான்.

கறையானை வெளியே எடுத்துத் தனி வரிசையாக வைத்தால் என்ன கெட்டுவிடும்? மீதமுள்ள கரப்பான்கள் ஒரு முழுக்குடும்பமாக இல்லாமல், ஒரு பேரனை மட்டும் கழித்த அரைகுறைப் பட்டியலாகிவிடும். பேரினத்துக்கும் இதே விதி. புதிய வண்டைத் தனிப் பேரினமாக வெட்டி எடுக்கும்போது, ஏற்கெனவே இருக்கும் பேரினம் எதுவும் ஓட்டை விழுந்து நிற்கக் கூடாது. ஆய்வாளர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். எனக்கு இது நியாயமான கேள்வியாகவும் படுகிறது. எத்தனை வித்தியாசம் என்று எண்ணுவதைவிட, வெட்டினால் யார் அனாதையாவார் என்று கேட்பது நேர்மையானது.

புற்று தொடாத இடங்கள்

அப்படியானால் எதை நம்புவது? புற்று வாழ்க்கை தொட வாய்ப்புக் குறைந்த உறுப்புகளை.

ஒரு வண்டு இருள்வண்டுக் குடும்பம்தானா என்று பார்க்க முதலில் காலை எண்ணுவார்கள். பாதத்தில் உள்ள கணுக்கள் முன்காலிலும் நடுக்காலிலும் ஐந்து, பின்காலில் நான்கு. 5-5-4. அடுத்தது உணர்கொம்பின் அடி. மேலிருந்து பார்த்தால் அது முளைக்கும் இடம் தெரியாது. நெற்றியின் விளிம்பு திண்ணைபோல் நீண்டு அதை மறைத்திருக்கும். பல இனங்களில் அந்தத் திண்ணை கண்ணுக்குள்ளேயே வெட்டி இறங்கும். முன்காலின் இடுப்புக் குழி பின்பக்கம் மூடியிருக்கும். வயிற்றின் அடித்தகடுகளில் முதல் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் அசையாமல் இருக்கும். இவை எதுவும் கறையானை ஏமாற்ற உதவாத சங்கதிகள். அதனாலேயே சாட்சிக்கு நல்லவை.

குடும்பம் உறுதியானதும் துணைக்குடும்பம், குலம் என்று இறங்க, உடம்பைத் திறக்க வேண்டும். ஆணின் இனப்புணர்ச்சி உறுப்பு, பெண்ணின் முட்டையிடும் குழல், உள் குழாய்கள், வயிற்று நுனியில் உள்ள பாதுகாப்புச் சுரப்பிகள். மாவு வண்டை நசுக்கினால் ஒரு நெடி வருமே, அது இந்தச் சுரப்பியின் குயினோன் வேதிப்பொருள்தான். வண்டு பெருகிய மாவு கெட்ட வாடை அடிப்பதும் அதனால்தான். 1980-இல் ஷிங்கெல், டோயன் என்ற இருவர் நூற்றுக்கணக்கான இருள்வண்டுகளை அறுத்துப் பார்த்து, வெளித்தோற்றத்தை வைத்துப் போட்டிருந்த வகைப்பாட்டை இந்த உள்ளுறுப்புகளை வைத்துத் திருப்பிப் போட்டார்கள். அதன் அதிர்வு இன்றும் ஓயவில்லை. 2021-இல்கூட பிளாப்டினே என்ற துணைக்குடும்பம், ஏறத்தாழ 4,000 இனங்களோடு மறுபடி தனியாக எடுக்கப்பட்டது.

சுரப்பியைக் கொஞ்சம் கவனமாகத்தான் நம்ப வேண்டும் என்பது என் எண்ணம். நாற்றம் வீசும் சுரப்பியோடு கறையான் வீட்டில் குடியிருப்பது எளிதல்ல என்பதால், அதையும் புற்று வாழ்க்கை தொட்டிருக்கலாம். ஓர் உறுப்பை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. டிஎன்ஏ இப்போது கைகொடுக்கிறது. சிஓஐ என்ற மரபணுவின் 658 எழுத்துத் துண்டு, இனங்களைப் பிரித்துப் பார்க்க வழக்கமாக உதவுவது. பேரின அளவு பழைய உறவுகளுக்கு அது மட்டும் போதாது, மெதுவாக மாறும் வேறு மரபணுக்களும் வேண்டும்.

குப்பியில் இருந்து பெயர்வரை

சரி, ஒரு புற்றைத் திறந்தாயிற்று, காளான் அடைக்கு நடுவில் முகடு முகடாக ஒரு பழுப்பு வண்டு என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வது?

அடிக்கடி நடக்கும் முதல் தவறு, வண்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவது. கூடவே கறையானையும் எடுக்க வேண்டும். குறிப்பாகச் சிப்பாய்களை, ஏனென்றால் கறையான் இனத்தை அடையாளம் காண்பது பெரும்பாலும் சிப்பாயின் தலையையும் தாடையையும் வைத்துத்தான். வேலைக்காரர்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். யார் வீட்டு விருந்தாளி என்று தெரியாவிட்டால் கதையில் பாதி போயிற்று. டிஎன்ஏ கெடாமல் இருக்க அடர்த்தியான ஆல்கஹாலில் போட்டு, இடம், நாள், புற்றின் எந்தப் பகுதி என்று எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே வைக்க வேண்டும். சீட்டில்லாத வண்டு விலாசம் இல்லாத கடிதம்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. புற்றுக்குள் கிடைத்தது என்பதாலேயே அது விருந்தாளி ஆகிவிடாது. மழைக்கு ஒதுங்கியதாக இருக்கலாம். பல புற்றுகளில் திரும்பத் திரும்பக் கிடைக்கிறதா, குட்டிப்புழுவும் உள்ளேயே இருக்கிறதா, கறையான்கள் அதைத் தாக்குகின்றனவா நக்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு மாதிரியை வைத்து "கறையானோடு வாழ்வது" என்று எழுதிவிட்ட பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு எப்போதும் லேசான அவநம்பிக்கை வரும்.

அப்புறம் நூலகம். பாட்ரிஸ் பூஷாரும் சகாக்களும் 2021-இல் வெளியிட்ட அட்டவணைப்படி இருள்வண்டுக் குடும்பத்தில் ஏற்கப்பட்ட பேரினங்கள் 2,307. அதில் 33 அழிந்துபோனவை. நம் வண்டு இவற்றில் எதிலும் சேராது என்று காட்ட வேண்டும். குலம் தெரிந்துவிட்டால் ஒப்பிட வேண்டிய பட்டியல் சில பத்துகளாகச் சுருங்கும். அந்தப் பத்தையும் நூறு வருஷத்துக்கு முன் ஜெர்மனிலோ பிரெஞ்சிலோ லத்தீனிலோ எழுதிய நான்கு வரி விவரணையில் இருந்து புரிந்துகொள்ள வேண்டும். நான்கு வரி போதாது. அந்த எழுத்தாளர் கையில் வைத்துப் பார்த்த அதே வண்டைத் தேடி அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். வாஸ்மனின் சேகரிப்பு நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேலையில் அதிக நேரம் தின்பது இந்தக் கட்டம்தான். புற்று வெட்டுவது ஒரு காலை வேலை.

ஒப்பிட்ட பிறகு மூன்றில் ஒன்று நடக்கும். ஏற்கெனவே பெயருள்ள இனமே அது என்று தெரியலாம். ஏமாற்றம்தான், ஆனால் புதிய இடத்தில் கிடைத்த பதிவு. தெரிந்த பேரினத்தில் புதிய இனமாக இருக்கலாம். அல்லது குலத்தின் அடிப்படை அடையாளங்கள் எல்லாம் இருந்தும், உள்ளே இருக்கும் எந்தக் கிளையிலும் பொருந்தாமல் தனிக் கொம்பாக நிற்கலாம். மூன்றாவதுதான் புதிய பேரினம்.

மூன்றாவதற்கு நல்ல உதாரணம் இருள்வண்டில் இல்லாமல் பக்கத்து வீட்டில் கிடைக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் முனெதோஷி மருயாமா, கம்போடியாவில் மேக்ரோடெர்மெஸ் கறையானோடு வாழும் ஒரு வண்டை 2012-இல் விவரித்தார். சாணவண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. பறக்க முடியாது, கண் மிகச் சிறியது. சிறகு மூடியின் அடியில் கைப்பிடிபோல் ஒரு புடைப்பு. கறையான்கள் அதைக் கவ்வி வண்டைத் தூக்கிக்கொண்டு போகின்றன, டிபன் கேரியரைத் தூக்குவதுபோல. இவ்வளவு விநோதத்துக்கும் அவர் புதுக் குடும்பம் எதுவும் கட்டவில்லை. கோரிதோடெரினி என்ற பழைய குலத்துக்குள்ளேயே வைத்து, அதற்குள் இயோகோரிதோடெரஸ் என்ற புதிய பேரினத்தைத் தொடங்கி, இனத்துக்கு இன்க்ரெடிபிலிஸ், அதாவது நம்ப முடியாதது என்று பெயர் வைத்தார். வியப்பை இனப்பெயரில் கொட்டிவிட்டு, இருப்பிடத்தை நிதானமாகக் குறித்திருக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது

விலங்குகளுக்குப் பெயரிட உலகப் பொது விதித்தொகுப்பு ஒன்று உண்டு. இப்போது நடப்பில் இருப்பது நான்காம் பதிப்பு, 2000 ஜனவரி 1 முதல். வண்டு உண்மையில் புதிய பேரினம்தானா என்பதில் அது தலையிடாது. பெயர் செல்லுமா செல்லாதா என்பதோடு நிறுத்திக்கொள்ளும்.

1930-க்குப் பிறகு வரும் புதுப் பெயரோடு, மற்றவற்றில் இருந்து இது எப்படி வேறுபடுகிறது என்ற எழுத்து விளக்கம் இருந்தாக வேண்டும். பள்ளி மாற்றுச் சான்றிதழில் "அங்க அடையாளம்: இடது கன்னத்தில் மச்சம்" என்று எழுதுவார்களே, அதுபோல் இரண்டு மூன்று வரியில் ஆளைப் பிரித்துக்காட்டும் பகுதி இது. ஆங்கிலத்தில் டயக்னோசிஸ். தலைமுதல் வால்வரை எல்லாம் சொல்லும் நீண்ட விவரணை அப்புறம் வரும். புதிதாகப் படிக்கிறவர்கள் நீண்ட பகுதியில் சிக்கித் திணறுகிறார்கள். இந்த மச்ச அடையாளத்தை முதலில் படித்தால் கட்டுரை பாதி புரிந்துவிடும்.

பேரினத்துக்கு ஒரு மாதிரி இனம் குறிக்கப்பட வேண்டும். ஏன்? பிற்காலத்தில் அந்தப் பேரினத்தை இரண்டாக உடைக்க நேர்ந்தால், பெயர் எந்தப் பாதியோடு போகும் என்று சண்டை வரக் கூடாது. மாதிரி இனம் எங்கே போகிறதோ பெயரும் அங்கே போகும். அதேபோல் இனத்துக்கு ஒரே ஒரு உடல், ஹோலோடைப், மூல மாதிரியாகக் குறிக்கப்படும். பேரினப் பெயர் இனத்தில் தொங்குகிறது, இனப்பெயர் ஒரு குண்டூசியில் குத்திய வண்டில் தொங்குகிறது. கடைசியில் எல்லாம் ஏதோ ஒரு அருங்காட்சியகத்து இழுப்பறையில் போய் முடிகிறது. இந்தியாவில் கிடைத்த புதிய உயிரி என்றால், 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டப்படி அரசு குறித்த காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும்.

பெயர் விலங்குலகம் முழுவதிலும் புதிதாக இருக்க வேண்டும். வண்டுக்கு வைக்கும் பேரினப் பெயரை யாரோ மீனுக்கோ புழுவுக்கோ முன்பே வைத்திருந்தால் போச்சு. 1799-இல் ஜார்ஜ் ஷா என்பவர் வாத்து அலகுள்ள ஆஸ்திரேலிய விலங்குக்கு பிளாட்டிபஸ் அனாடினஸ் என்று பெயர் வைத்தார். பிளாட்டிபஸ் என்ற பெயரை 1793-லேயே மரம் துளைக்கும் ஒரு வண்டுக்கு ஹெர்ப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் வைத்துவிட்டார். விதி விதிதான். பிளூமென்பாக் 1800-இல் தந்த ஓர்னிதோரிங்கஸ் என்ற பேரினப் பெயரும், ஷா வைத்த அனாடினஸும் சேர்ந்து இன்றைய பெயராயிற்று. சின்ன வண்டு அவ்வளவு பெரிய விலங்கின் பெயரைப் பிடுங்கிக்கொண்டது எனக்குப் பிடித்த கதை.

அதே ஹெர்ப்ஸ்ட்தான் நம் மாவு வண்டையும் 1797-இல் விவரித்தவர். அவர் வைத்த பெயர் கோலிடியம் கஸ்டேனியம். ட்ரைபோலியம் என்ற பேரினம் 1825-இல்தான் வந்தது. அதனால் நூல்களில் ட்ரைபோலியம் கஸ்டேனியம் என்பதற்குப் பின்னால் ஹெர்ப்ஸ்ட் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருக்கும். டெனெப்ரியோ மோலிட்டருக்குப் பின்னால் லின்னேயஸ் பெயர் அடைப்புக்குறி இல்லாமல் நிற்கும். அடைப்புக்குறி இருந்தால், பெயரிட்டவர் வைத்த பேரினத்தில் இருந்து அந்த இனம் வீடு மாறிவிட்டது என்று பொருள். இதைத் தெரிந்துகொண்டு விலங்குப் பெயர்ப்பட்டியல் எதையாவது புரட்டிப் பாருங்கள், எத்தனை இடமாற்றம் என்று மலைப்பாக இருக்கும்.

பெயருக்கு ஆண்பால் பெண்பால் வேறு பார்க்க வேண்டும். இனச்சொல் பெயரடையாக இருந்தால் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். சிட்டுக்குருவிக்கு லின்னேயஸ் வைத்தது ஃபிரிஞ்சில்லா டொமெஸ்டிகா. பாஸெர் பேரினத்துக்கு வந்ததும் டொமெஸ்டிகஸ் ஆனது. ஆகவே புதிய பேரினத்துக்குப் பெயர் சூட்டுகிறவர் அது ஆண்பாலா, பெண்பாலா, அஃறிணையா என்று பெயர்க்காரணப் பகுதியில் சொல்லிவிடுவது நல்லது. இணைய இதழில் மட்டும் வெளியானால் சூபேங்க் என்ற பதிவேட்டில் முன்பே பதிந்த சான்றும் கட்டுரையில் இருக்க வேண்டும். 2012 முதல் அப்படி.

அச்சில் வந்த பிறகும் பெயர் நிலைக்கும் என்று உறுதியில்லை. யாராவது பெண் வண்டையோ குட்டிப்புழுவையோ கண்டுபிடித்து, இது பழைய பேரினம்தான், புற்றுக்குள் போய் வேஷம் மாறியிருக்கிறது என்று காட்டிவிடலாம். அப்போது பழைய பெயர் நிற்கும், புதுப் பெயர் அதற்குக் கீழே இணைப்பெயராகப் போய்விடும். 2021 அட்டவணையில் இருள்வண்டுகளுக்கு விதிப்படி வைக்கப்பட்ட பேரின, துணைப்பேரினப் பெயர்கள் 4,122. அவற்றில் இன்று நடப்பில் இருப்பவை 2,307 பேரினங்களும் 761 துணைப்பேரினங்களும். கழித்துப் பார்த்தால் 1,054 பெயர்கள், நான்கில் ஒன்றுக்குமேல், நடப்பில் இல்லை. அவற்றையும் யாரும் அழித்துவிடுவதில்லை. வைத்தவர் பெயரோடும் ஆண்டோடும் அதே அட்டவணையில் சற்று உள்தள்ளி அச்சாகியிருக்கின்றன. அடுத்த புற்றைத் திறக்கிறவர் அவற்றையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டாக வேண்டும்.